தவணையில் சிரிப்பு

கோட்டு போட்ட நாயும் வெறிபிடித்த முயலும் துப்பறியும் 'சாம் அண்ட் மேக்ஸ்' கம்ப்யூட்டர் விளையாட்டின் அடுத்த பாகத்தை லூகாஸ் ஆர்ட்ஸ் 2004-ல் பாதியில் கைவிட்டது. வெளியே வந்தவர்கள் 'டெல்டேல்' ஆரம்பித்து, 2006 அக்டோபர் முதல் 2007 ஏப்ரல் வரை ஆறு அத்தியாயமாக வெளியிட்டார்கள். 'முழுசாக் கொடுத்தா என்னவாம்?' என்று புலம்புகிறவர்களே, இருபது மணி நேரம் ஒரே மூச்சில் யாரய்யா சிரிப்பது? வாராவாரம் தொடர்கதைக்குக் காத்திருந்த நமக்கா இது புரியாது?

என் சண்டை வேறு. மொத்தத் தொடருக்கும் எதற்கு முன்பணம்? டெல்டேல் 2018 செப்டம்பரில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, 'வாக்கிங் டெட்' கடைசித் தொடருக்கு நான்கு அத்தியாயக் காசு கட்டியவர்கள் இரண்டோடு அந்தரத்தில் நின்றார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாங்கிக்கொள்ளட்டுமே! மிச்சத்தை 2019-ல் முடித்துக்கொடுத்தது வேறொரு கம்பெனி.