சொல்லும் சொத்தும்

பொருளை ஈட்டுதற்கு முயற்சி வேண்டும்; காத்தற்கு விழிப்பு வேண்டும்; தமக்குப்பின் வழக்கெழாவண்ணம் பகுத்து வைத்தற்கோ சொற்றெளிவு வேண்டும். இப்பகுப்புக்குத் துணைநிற்பவரே வரியும் மரணசாதனமும் பற்றி ஆலோசனை கூறும் சட்டத்தரணி. அவரைச் செல்வர்க்கு ஏவல் செய்வார் என்றும், அரசிறையைக் குறைக்கச் சூழ்ச்சி சொல்வார் என்றும் இகழ்வார் உளர். அவ்விகழ்ச்சி பொருந்துவதன்று.

வரி தவிர்த்தல் வேறு. வரி ஏய்த்தல் வேறு. சட்டம் திறந்துவைத்த வழியாற் செல்லுதல் முன்னையது. வருவாயை ஒளித்தல் பின்னையது. ஒருவர் வரி குறையுமாறு தம் கருமங்களை அமைத்துக்கொள்ளலாம் என்பதை இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1935இல் வெஸ்ற்மினிஸ்ரர் கோமகன் வழக்கில் ஏற்றது. ஒளிக்கக் கற்பிப்பவர் அத்தொழிலுக்கு இழுக்காவாரேயன்றி எடுத்துக்காட்டாகார்.

இலங்கையில் மரணவரி 1985இல் நீக்கப்பட்டது. இனி இத்தொழிலுக்கு இங்கு என்ன வேலை என்று வினவலாம். வரி நீங்கியது, வழக்கு நீங்கிற்றில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகைப்படுத்தும். எது எவ்வகையது என்றறியாது 'என் சொத்தனைத்தும்' என எழுதுவோர், மனைவியின் பாத்தியதையையும் சேர்த்தெழுதி, மக்களைப் பகைவராக்கிச் செல்கின்றனர்.

எமதூர்ப் பெரியவரொருவர், 'வீட்டுவளவும் அதனைச் சார்ந்த நிலமும் இளையவளுக்கு' என மரணசாதனம் முடித்தார். வளவின் வடக்கே கிணற்றோடு கூடிய தோட்டக்காணி ஒன்றுண்டு. 'சார்ந்த' என்பது அத்தோட்டத்தையும் தழுவும் என்றார் தங்கையார். வளவினுள் அடங்கியதையே குறிக்கும் என்றார் தமையனார். இரு பக்கத்தாரும் எம்மிடம் வந்து அச்சொல்லுக்குப் பொருள் கேட்டனர். இரண்டற்கும் இடமுண்டு என்றே கூற நேர்ந்தது. இலக்கணம் தீர்க்கவியலாததை நீதிமன்றம் பல்லாண்டு விசாரித்தது. அதற்கிடையே தாயார் இறந்தார். செத்தவீட்டு முற்றத்திலும் உடன்பிறந்தார் இருவரும் பேசிலர். உறுதி இலக்கத்தையும் நான்கெல்லையையும் கிணற்றுப்பங்கையும் வழிவாய்க்காலையும் நாலு வரியிற் குறித்திருப்பின் இவை நேர்ந்திரா.

1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், மரணசாதனத்துக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகளும் வேண்டும் என்று விதித்தது. சாட்சிகளை எண்ணும் சட்டம் சொற்களைத் தெளிவிக்காது. அது சட்டத்தரணியின் கடன். 'பெறவேண்டியவர் முன்னிறப்பின் யாருக்கு?' என்று கேட்பதும், எழுதியதை உரியவர் அறிந்த மொழியிற் படித்துக்காட்டி ஐயமறுப்பதும் அவர் கூலிக்குச் செய்யும் பணியாயினும் அறமேயாம்.

நம் பங்கும் இதில் உண்டு. விடியற்காட்சியை வருணிக்குமாறு மாணாக்கரை ஆண்டுதோறும் பணிக்கின்றோம். ஒரு காணியின் எல்லையை ஐயமற எழுதுமாறு ஒருமுறையேனும் பணித்தோமா? நாளை உறுதி எழுதப்போகின்றவரும், அதிற் கையொப்பமிடப்போகின்றவரும் இன்று நம் வகுப்பிலேயே இருக்கின்றனர்.