சிதம்பர ரகசியமும் ஈர்ப்பின் வேகமும்

சிதம்பர ரகசியம் என்பது வளைந்த வெளியே, ஐன்ஸ்டைன் 1915இல் கண்டதைத் தில்லை முன்பே சொல்லிவிட்டது என்னும் வாதம் நமது இலக்கியக் கூட்டங்களில் எளிதாகக் கைதட்டல் பெறுகிறது. தில்லைக்கு மிக அருகே, கீரப்பாளையத்தில் இருந்துகொண்டு இதை மறுப்பது நண்பர்கள் சிலருக்கு உறுத்தலாம். ஆயினும் மறுத்தே ஆகவேண்டும்.

என் கேள்வி எளியது. ஈர்ப்பு என்ன வேகத்தில் பயணம் செய்கிறது? சூரியன் இக்கணம் இல்லாமற்போனால் பூமி உடனே தடம் விலகுமா, சற்றுப் பொறுத்தா?

நியூட்டனின் சமன்பாட்டில் ஈர்ப்புக்குப் பயண நேரமே இல்லை. அது தாமதித்து வந்தால் நிலவின் பாதை குலையுமே என்று யோசித்த லாப்லாஸ், அதன் வேகம் ஒளியைப்போல் குறைந்தது எழுபது லட்சம் மடங்கு இருக்கவேண்டும் என 1805இல் கணக்கிட்டார். முடிவு தவறு. நகரும் பொருளின் ஈர்ப்பில் அத்தாமதம் ஏறக்குறைய முழுவதும் ஈடாகிவிடுகிறது என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குப் பிறகே புலப்பட்டது. ஆனால் லாப்லாஸ் ஓர் எண்ணைச் சொன்னார். ஆகவே அதைத் தவறென்று காட்ட முடிந்தது.

2017 ஆகஸ்ட் 17 அன்று, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணித்து, 1.7 நொடி இடைவெளியில் நம்மை வந்தடைந்தன. ஈர்ப்பின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றே என்பது அன்று அளந்தறியப்பட்டது. சூரியன் மறைந்தாலும் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பூமி தன் பாதையிலேயே செல்லும்.

ரகசியம் எந்த எண்ணைச் சொன்னது? அந்த இடைவெளி 1.7 ஆண்டாக இருந்திருந்தாலும் நம் நண்பர்கள் அதே உரையை அதே உருக்கத்தோடு ஆற்றியிருப்பார்கள். எந்த விடை வந்தாலும் பொருந்திப்போகும் கூற்று அறிவியல் ஆகாது.

செர்ன் ஆய்வகத்தில் நடராசர் நிற்கிறாரே என்பார்கள். அது 2004இல் அங்கே நிறுவப்பட்ட, இந்தியா அளித்த பரிசு, அழகான உவமை. நடராசரை நவீன இயற்பியலோடு பொருத்தும் பேச்சு பரவியதில் ஃபிரிட்ஜோஃப் காப்ராவின் 1975ஆம் ஆண்டு ஆங்கில நூலுக்குப் பெரும் பங்குண்டு. நாம் மரபு என்று கொண்டாடுவது அந்த இரவல் சரக்கைத்தான்.

வெறும் வெளியையே இறையாகக் கண்டது மகத்தான தரிசனம். அதற்கு ஐன்ஸ்டைனிடம் சான்றிதழ் வாங்கித் தர முனைவது பக்தியும் அல்ல, ரசனையும் அல்ல, தாழ்வுணர்ச்சி.

பெருமைதான் வேண்டுமெனில், அதிர்வுற்ற கருந்துளை மணிபோல் ஒலித்து அடங்கும் என்று 1970இல் கணித்துக் காட்டிய பெங்களூர்க்காரர் சி. வி. விஸ்வேஸ்வரா இருக்கிறார். ரகசியத்துக்குக் கைதட்டும் நம் அரங்குகளில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?