குதிரைத்திறனுக்கும் நிலமும் பொழுதும் உண்டு

இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளைப் படிக்கும்போது, 'ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட எஞ்சின்' என்பது போன்ற தொடர்களைக் காண்கிறேன். தமிழ் பயிற்றுவிக்கும் எனக்குப் பொறியியலில் புலமை இல்லை. எனினும் அத்தொடர் முற்றுப்பெறாதது என்பதே என் துணிபு.

ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் இடம்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் 3 எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 27 லிட்டர். தரையிலிருந்து எழும்புகையில் அது தந்தது 880 குதிரைத்திறன். 16,250 அடி உயரத்திலோ 1,030. உயரச் செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஆற்றல் மட்டும் பெருகுவது எங்ஙனம்?

விடை சூப்பர்சார்ஜரில் இருக்கிறது. மெலிந்த காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் இக்கருவி உயரத்தை நோக்கியே வடிவமைக்கப்பட்டது. தரைக்கருகில் அதனை முழுமையாக இயங்கவிட்டால் அழுத்தம் மிகுந்து எஞ்சின் சிதையும். ஆகவே திராட்டிலை ஓரளவு மூடியே வைத்தனர். விமானம் ஏற ஏறத் திராட்டில் திறக்கிறது, காற்றும் குளிர்கிறது, ஆற்றல் கூடுகிறது. திராட்டில் முழுதும் திறந்துவிட்ட உயரமே உச்சம். அதற்குமேல் ஆற்றல் இறங்குமுகம்தான்.

1940இல் 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தபின், சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டாக இருந்த மிகையழுத்த வரம்பை 12 பவுண்டாக உயர்த்த முடிந்தது. அதே எஞ்சின் 9,000 அடியில் ஏறத்தாழ 1,310 குதிரைத்திறன் தந்தது. ஆனால் ஐந்து நிமிடங்களுக்கு மட்டுமே! 16,250 அடியில் பறந்தவருக்கோ அதனால் பயனில்லை. திராட்டில் அங்கே ஏற்கெனவே முழுதும் திறந்திருந்தது.

880, 1,030, 1,310 ஆகிய மூன்றுமே உண்மை. எந்த உயரத்தில், எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லாதவரை மூன்றுமே அரைகுறை உண்மை. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் வகுத்ததை வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். அவையின்றிப் பாடலின் பொருள் முழுமையாக விளங்காது. குதிரைத்திறனுக்கும் அதுவே பொருந்தும் என்பேன்.

'பொது வாசகனுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா?' எனச் சிலர் வினவக்கூடும். வேண்டும். ஒற்றை எண்ணை மட்டும் பெற்ற வாசகன், எந்த விமானம் சிறந்தது என்று தரவரிசை போடத் தொடங்கிவிடுகிறான். தாழப் பறக்கையில் வென்ற விமானம் உயரத்தில் ஏன் திணறியது என்பது அவனுக்கு விளங்குவதேயில்லை. எரிபொருள் வல்லுநரின் உழைப்பும் அவன் கண்ணுக்குப் படுவதில்லை. அந்த ஐந்து நிமிட வரம்போ வெறும் குறிப்பன்று. எஞ்சினின் ஆயுளைச் செலவழித்து விமானியின் உயிரைக் காக்க எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கான தீர்ப்பு அது. அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தமிழுக்குக் கொண்டுவருவது, உரையாசிரியர் பாட்டின் பாதியை மறைத்துவிட்டு உரை எழுதுவதற்கு ஒப்பாகும்.

அறிவியலைத் தமிழில் எழுதுவோரிடம் நான் வேண்டுவது பெரிதன்று. எண்ணைத் தரும்போது அதன் உயரத்தையும் கால வரம்பையும் உடன் தாருங்கள். கூடுதலாகச் சேரப்போவது ஒரே ஒரு வரிதான்.