கால் இழுத்துப் பிடித்தாலும் ஆடணுமா? ஹாலிபர்ட்டன் முதல் ராஜபாளையம் மைதானம் வரை

2025 ஜூன் 23, திங்கள்கிழமை. நம்ம ஊரில் விடிந்தும் விடியாத நேரம். அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் அது ஞாயிற்றுக்கிழமை இரவு. என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் கோப்பை, தோற்றால் வீடு.

இண்டியானா பேஸர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் முதல் ஏழு நிமிடங்களில் மூன்று 'த்ரீ பாயின்டர்' போட்டு 9 புள்ளிகள் எடுத்திருந்தார். அடுத்து பந்தோடு முன்னே பாய வலது காலை ஊன்றினார். அவ்வளவுதான். அப்படியே சரிந்து விழுந்து, தரையைக் கையால் அடித்தார். யாரும் அவரை இடிக்கவில்லை, காலை மிதிக்கவில்லை. அக்கிலிஸ் தசைநாண் அறுந்திருந்தது.

முதல் பாதி முடிவில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்த பேஸர்ஸ், கடைசியில் 103-91 என்று தோற்றது. அடுத்த சீசன் முழுவதும் ஹாலிபர்ட்டன் ஆட மாட்டார் என்று அணி அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 25.

இந்தக் கதை இத்தோடு முடியவில்லை. அவருக்குக் காயம் ஏற்கெனவே இருந்தது. ஐந்தாவது ஆட்டத்திலேயே அதே காலின் கெண்டைக்காலில் தசை இழுத்துப் பிடித்தது. ஆனாலும் ஆறாவது ஆட்டத்தில் ஆடினார், அணியும் ஜெயித்தது. ஏழாவதிலும் இறங்கினார். அப்படி இறங்கியதற்கு வருத்தமில்லை, மறுபடி வாய்ப்பு வந்தாலும் இறங்குவேன் என்ற பொருளில் பிறகு சமூக வலைதளத்தில் எழுதினார்.

உலகம் முழுக்க அதைப் படித்துக் கைதட்டினார்கள். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பிளஸ் டூ படித்துக்கொண்டே கூடைப்பந்து ஆடும் ஒரு பையனோ பெண்ணோ இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? வலியைத் தாங்கிக்கொண்டு ஆடுவதா, வலிக்குது என்று சொல்லி வெளியே உட்காருவதா?

ஒரே சீசனில் ஏழு பேர்

ஹாலிபர்ட்டனுக்கு மட்டும் நடந்திருந்தால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அதே ஆண்டு ஏப்ரலில் மில்வாக்கியின் டேமியன் லில்லார்டு, மே மாதம் பாஸ்டனின் ஜேசன் டேட்டம். இருவருக்கும் பிளே-ஆஃப் ஆட்டத்தில் இதே அக்கிலிஸ் காயம். டேட்டம் அன்றைக்கு 42 புள்ளிகள் எடுத்திருந்தார். மூன்று பேரின் ஜெர்சி எண்ணும் பூஜ்யம்தான் என்பது ரசிகர்கள் சோகத்தோடு சொல்லும் தகவல்.

அந்த சீசனில் மொத்தம் ஏழு என்பிஏ வீரர்களுக்கு அக்கிலிஸ் அறுந்தது. அதில் மூன்று பேர் பேஸர்ஸ் வீரர்கள். என்பிஏ ஆணையர் ஆடம் சில்வரும் நிபுணர்களை வைத்துக் காரணத்தை ஆராய்வதாகச் சொன்னார்.

ஒரு அணி வழக்கமான சீசனில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. அதற்கு மேல் பிளே-ஆஃப். 2023-24 முதல் இன்னொரு விதியும் வந்தது: எம்விபி போன்ற முக்கிய விருதுகளுக்குத் தகுதி பெற குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். நட்சத்திரங்கள் சும்மா ஓய்வு எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் உண்மையிலேயே வலி இருப்பவரையும் அது களத்துக்குள் தள்ளுகிறது என்ற விமர்சனம் உண்டு.

அக்கிலிஸ், ஏசிஎல்: எது எங்கே இருக்கிறது?

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாண்தான் அக்கிலிஸ். உடம்பிலேயே பெரிய தசைநாண் இது. எம்பிக் குதிக்கும்போதும், நின்ற இடத்தில் இருந்து திடீரெனப் பாயும்போதும் மொத்த விசையும் இதன் வழியாகத்தான் போகும். அறுந்தால் திரும்பி வர சாதாரணமாக 9 முதல் 12 மாதங்கள்.

ஏசிஎல் என்பது முழங்காலுக்குள் இருக்கும் தசைநார். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் நழுவாமல் பிடித்துவைப்பது இதுதான். ஓடிக்கொண்டே திசை மாறும்போதும், ரீபவுண்ட் எடுத்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் முழங்கால் உள்பக்கமாக மடங்கினால் இது கிழியும். பெரும்பாலும் எதிராளி தொடாமலேயே நடக்கும். ஆண்களைவிட பெண் வீராங்கனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

இவை இரண்டும்தான் செய்தியில் வருபவை. ஆனால் கூடைப்பந்தில் மிக அதிகமாக வரும் காயம் எது தெரியுமா? கணுக்கால் பிசகுதல். குதித்து இறங்கும்போது இன்னொருவர் கால் மேல் விழுந்து மடங்குவது. 'சுளுக்குதானே' என்று நாம் தாண்டிப் போவது. ஒரு தடவை பிசகிய கணுக்கால் சரியாகத் தேறாவிட்டால் மறுபடி மறுபடி பிசகும்.

திரும்பி வந்தவர்கள் எப்படி வந்தார்கள்?

2019 இறுதித் தொடரை நினைத்துப் பார்க்கலாம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கெவின் டுரான்ட், கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்தார். தொடரில் அணி 3-1 என்று பின்தங்கியிருந்த நிலையில் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார். 12 நிமிடம், 11 புள்ளிகள். அக்கிலிஸ் அறுந்தது. அடுத்த ஆட்டத்தில் அதே அணியின் கிளே தாம்சனுக்கு ஏசிஎல் கிழிந்தது.

டுரான்ட் அவசரப்படவில்லை. 2019-20 சீசன் முழுவதையும் விட்டுக்கொடுத்தார். பிறகு வந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். தாம்சனுக்கு ஏசிஎல் தேறி வரும் நேரத்தில் அக்கிலிஸும் போனது. 941 நாள் கழித்து, 2022 ஜனவரியில்தான் ஆடினார். அதே ஆண்டு சாம்பியன் ஆனார்.

இருவர் கதையிலும் பொதுவானது காலம். நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு ஏசிஎல் அறுவை சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும், முழங்காலில் மறுபடி காயம்படும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் 'நல்லாத்தான் இருக்கு' என்று தோன்றும். அந்த ஆறாவது மாதம்தான் ஆபத்தான மாதம்.

ஆனால் அவர்களுக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது: ஒப்பந்தம். என்பிஏ ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உத்தரவாதம் உள்ளவை. காயம்பட்டு ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் சம்பளம் வரும். அறுவை சிகிச்சை, பிசியோதெரபி எல்லாம் அணியின் பொறுப்பு. ஹாலிபர்ட்டன் எடுத்தது ஒரு வயதுவந்தவரின் முடிவு. மருத்துவர்கள் பக்கத்தில் நிற்க, பாதுகாப்பு வலை கீழே விரித்திருக்க எடுத்த முடிவு.

நம்ம ஊர் வீரரின் கணக்கு வேறு

தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆடுகிற ஒருவருக்கு என்பிஏ கனவு கொஞ்சம் தூரம்தான். இந்தியாவில் இருந்து என்பிஏ டிராஃப்டில் முதன்முதலாகத் தேர்வானவர் பஞ்சாபின் சத்னாம் சிங், 2015இல். உள்நாட்டிலும் தொழில்முறை லீக் இன்னும் வேர் பிடிக்கவில்லை. 2015இல் தொடங்கிய யுபிஏ லீக் சில சீசன்களோடு நின்றது. 2022இல் ஐஎன்பிஎல் வந்தது. சென்னை ஹீட் அணி அதில் ஆடியது.

அதனால் இங்கே கூடைப்பந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோட்டா. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், ஐசிஎஃப், தெற்கு ரயில்வே மாதிரி நிறுவன அணிகளில் ஓர் இடம் கிடைத்தால் வாழ்க்கை செட்டில். சென்னையில் இருந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை, தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர்தான்.

இந்த எல்லாக் கதவுக்கும் சாவி ஒன்றே: சான்றிதழ். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த அளவில் ஆடினாய் என்பதுதான் மதிப்பெண். பள்ளி முடிவதற்குள் அதைச் சேர்த்தாக வேண்டும். பஞ்சாலை வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு அந்த ஒரு காகிதம் கல்லூரிக் கட்டணத்துக்குச் சமம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மாநில அணித் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் கணுக்கால் பிசகினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, ஸ்ப்ரே அடித்துக்கொண்டு இறங்கத்தான் செய்யும். சொன்னால் பெயர் போய்விடும் என்ற பயம். ஹாலிபர்ட்டன் கோப்பைக்காக ஆடினார். இவர் ஆடுவது கல்லூரி சீட்டுக்காக. இரண்டையும் ஒரே 'வீரம்' என்று கொண்டாடுவது நியாயமில்லை.

சுளுக்கு எடுப்பதும் எக்ஸ்ரேயும்

காயம்பட்ட பிறகு நடப்பதிலும் சிக்கல். முதல் வேலையாக எண்ணெய் போட்டு உருவி 'சுளுக்கு எடுப்பது' நம் பக்கத்தில் வழக்கம். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வீங்கிய மூட்டை அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடலாம் என்பதால் மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்துவது, இறுக்கக் கட்டுவது, காலை உயர்த்தி வைப்பது, பனிக்கட்டி ஒத்தடம்: முதலில் இவைதான்.

அடுத்தது எக்ஸ்ரே. 'எக்ஸ்ரே நார்மல், எலும்பு முறியலை' என்றதும் வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, பிறகு நடக்கும்போது மூட்டு நழுவுவது போல இருந்தால் ஏசிஎல் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு மூட்டு மருத்துவர் கையால் பரிசோதித்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். உறுதிப்படுத்த எம்ஆர்ஐ.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு பெரிய சிகிச்சை என்றாலே மதுரைக்கு பஸ் ஏறித்தான் பழக்கம். அறுவை சிகிச்சை முடிந்ததும் வேலை முடியவில்லை. பிசியோதெரபி மாதக்கணக்கில் தொடர வேண்டும். வாரம் சில தடவை அரை நாள் பயணம் என்றால் பாதியில் விட்டுவிடுவார்கள். அப்படிப் பாதியில் நின்ற முழங்கால்தான் மறுபடி கிழிகிறது.

மைதானமே காயப்படுத்தினால்?

இன்னொரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. 2025 நவம்பரில் ஹரியானாவில் கூடைப்பந்துக் கம்பம் விழுந்து இரண்டு டீன் ஏஜ் வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒருவர் வளையத்தைப் பிடித்துத் தொங்கியதும் கம்பம் அப்படியே அவர் மேல் சாய்ந்த வீடியோவை நாடே பார்த்தது. அந்தக் கம்பங்கள் பராமரிப்பு இல்லாமல் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

நம்ம பள்ளி மைதானங்களிலும் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் நிற்கும் கம்பங்கள் உண்டு. அடிப்பகுதி துருப்பிடித்திருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தார்கள்? தளமும் பெரும்பாலும் சிமென்ட். மரத்தளம் போல அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. தினமும் நூறு தடவை குதித்து இறங்கும் முழங்கால்தான் அதை வாங்குகிறது. அதற்கு மேல் தேய்ந்த ஷூ.

என்ன செய்யலாம்?

கோடிக்கணக்கில் செலவு வேண்டாம். முதலில் வார்ம்-அப். குதித்து இரண்டு காலில் மெதுவாக இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, தொடைப் பின்தசையை வலுப்படுத்துவது என்று 15-20 நிமிடப் பயிற்சியை வாரம் இரண்டு மூன்று தடவை செய்தாலே முழங்கால், கணுக்கால் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. செலவு பூஜ்யம். பயிற்சியாளர் மனது வைத்தால் போதும்.

அடுத்து, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் மைதானத்தில் இருக்க வேண்டும். 'இவர் இன்று ஆடக் கூடாது' என்று அவர் சொன்னால் அதுவே முடிவு. பயிற்சியாளரோ, பெற்றோரோ, அந்த வீரரேகூட மாற்ற முடியாத முடிவு.

மூன்றாவதுதான் முக்கியம். தேர்வு நாளில் காயம் என்று மருத்துவச் சான்றோடு வருபவருக்கு, தேறிய பிறகு இன்னொரு வாய்ப்பு தர விதி வேண்டும். முந்தைய சீசன் ஆட்டத்தை வைத்து மதிப்பிடலாம். தேர்வைச் சில வாரம் கழித்து மறுபடி நடத்தலாம். வழி எதுவானாலும், வலியைச் சொன்னால் இடம் போகாது என்ற நம்பிக்கை வர வேண்டும். அது வராத வரை எந்தப் பிள்ளையும் வலியைச் சொல்லாது.

கம்பங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை, சோதித்த தேதியை அதிலேயே எழுதி ஒட்டுவது. தீயணைப்புக் கருவிக்குச் செய்கிறோமே, அதேதான்.

ஹாலிபர்ட்டனுக்கு இறங்கவும் உரிமை இருந்தது, உட்காரவும் உரிமை இருந்தது. அவர் இறங்கினார். அதைப் பாராட்டலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி முடிந்து பந்தைத் தட்டிக்கொண்டு போகும் பிள்ளைக்கு இன்றைக்கு உட்காரும் உரிமை இல்லை. அதைக் கொடுக்க வேண்டியது விதி எழுதுகிறவர்கள். 'பரவாயில்லை, இன்னைக்கு ஆடாதே' என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் பயிற்சியாளரும் பெற்றோரும்.