மருத்துவ ரகசியம் தொழிலாளியின் உரிமை

கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், வீட்டுத் தனிமையில் வைக்கப்பட்டோரின் முகவரிகளைக் கர்நாடக அரசே இணையத்தில் வெளியிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என, அம்மாநில உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 2017இலேயே தீர்ப்பளித்திருந்தும் இது நடந்தது.

சந்தாபுராவில் ஒப்பந்த வேலையும் வாடகை அறையுமாக வாழும் தொழிலாளியை, காசநோயோ எச்ஐவியோ வெளியே தெரிந்தால் வேலையும் வீடும் பறிபோகும் என்ற அச்சமே மருத்துவமனைக்குச் செல்லவிடாமல் தடுக்கும். எனவே, சுகாதார ஊழியர்களுக்கு ரகசியம் காக்கும் பயிற்சி அவசியம். ஆனால், ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் ஊக்கத்தொகைக்கு உழைக்கும் ஆஷா ஊழியர் மீதே பொறுப்பு முழுவதையும் சுமத்துவது நியாயமன்று. ஒப்பந்த ஊழியர் உள்ளிட்ட அனைவருக்கும் பணிநேரத்தில், ஊதியத்துடன் பயிற்சி வேண்டும். கசிவுக்கு அரசே முதலில் பதில் சொல்ல வேண்டும். தொழிற்சங்கங்கள் இதைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்!