முந்திரி ஓட்டின் மதிப்பு

கப்பலின் வர்ணப் பூச்சுக்கும், காற்றாலையின் இறக்கைக்கும், மின்சாரக் கருவிகளுக்கும் இன்று இன்றியமையாத பொருள் எபாக்ஸி என்னும் செயற்கைப் பிசின். பிசினோடு அதை இறுகச் செய்யும் திரவத்தைக் கலந்தால் கல்லைப் போலக் கெட்டிப்படும். இவ்விரண்டும் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தே உற்பத்தியாகின்றன. நமது தேசமோ தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து தருவித்துக் கொள்கிறது.

ஆயின், இதற்குரிய தாவர மூலம் ஒன்று நம் வாசலிலேயே கிடக்கிறது. பண்ருட்டியிலும் கொல்லத்திலும் மங்களூரிலும் பருப்பை எடுத்த பின் எஞ்சும் முந்திரி ஓட்டையே குறிப்பிடுகிறோம். அதன் எடையில் சுமார் கால் பங்கு எண்ணெய். அவ்வெண்ணெயைச் சூடேற்றி வடித்தால் கார்டனால் என்னும் வஸ்து கிடைக்கிறது. அதனோடு பார்மால்டிஹைடையும் அமைன் வகைப் பொருளையும் சேர்த்துச் செய்யும் திரவம், குளிரிலும் ஈரத்திலும்கூடப் பிசினை இறுகச் செய்ய வல்லது. கப்பல் வர்ணம் செய்வோர் அதை விரும்பி வாங்குவதற்குக் காரணம் இதுவே. பிசினின் மூலப்பொருள்களில் ஒன்றான எபிகுளோரோஹைட்ரினையும் தாவர எண்ணெயின் கிளிசரினிலிருந்து செய்யலாம். 2012-ல் தாய்லாந்திலும், 2022-ல் குஜராத்தின் தஹேஜிலும் இவ்வகைத் தொழிற்சாலைகள் வேலை தொடங்கின.

முழுதும் தாவரமே என்ற விளம்பரத்தை நாம் ஒப்புவதற்கில்லை. பிசினில் பெரும்பங்கு வகிக்கும் பிஸ்பீனால்-ஏ இன்னும் கச்சா எண்ணெயின் சந்ததியே. தாவரத்தில் பிறந்ததாலேயே இறுகிய பிசின் மண்ணில் மக்கிவிடுவதுமில்லை. எனினும், வீணாகும் பொருளுக்கு விலை உண்டாக்குவது சிறிய லாபமன்று.

எண்ணெயைப் பீப்பாயில் ஏற்றுமதி செய்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய சரித்திரத்தை அவர்கள் மறந்தனர் போலும்! சரக்கு நம்முடையது, லாபம் பிறருடையது என்ற நிலை சுதந்திர தேசத்துக்கு அழகன்று.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. ஓட்டு எண்ணெய் பட்ட தோல் வெந்து புண்ணாகும். ஓட்டை உடைக்கும் கைகளோ பெரும்பாலும் ஏழைப் பெண்களுடையவை. சாம்பலையோ ஆமணக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு அவர்கள் உழைக்கிறார்கள். எண்ணெயின் மதிப்பு உயர்ந்தும் அந்தக் கைகளின் புண் ஆறாவிடில், அது என்ன அபிவிருத்தி?

ஆகவே, சிறு ஆலைகள் கூட்டுறவு முறையில் ஒன்றுகூடி எண்ணெயை வடிக்கப் பொது ஆலை அமைக்க வேண்டும். சர்க்கார் அதற்கு மூலதனம் உதவ வேண்டும். நமது சர்வகலாசாலைகள் இறுதிச் சரக்கை இங்கேயே செய்யும் வழியை ஆராய வேண்டும். அந்த லாபத்தில் முதற்பங்கு தொழிலாளப் பெண்களின் கையுறைக்கும் வைத்தியத்துக்கும் கூலி உயர்வுக்கும் உரியது. இதில் தாமதம் கூடாது.