எந்த வருஷத்து ஐ7?

'கம்ப்யூட்டர் வாங்கணும் சார். ஐ5 போதுமா, ஐ7 வேணுமா?'

இந்தக் கேள்வியோடு கடைக்குள் நுழைகிறவரா நீங்கள்? வாழ்த்துகள். உங்களை ஏமாற்ற யாரும் தனியாகச் சிரமப்பட வேண்டாம். பாதி வேலையை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

கொஞ்சம் கோபமாகத்தான் சொல்கிறேன். நடுத்தரக் குடும்பம் டெஸ்க்டாப் வாங்குவது, போகிற போக்கில் ஒரு டீ சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை. போனஸ் பணம், சீட்டு எடுத்த பணம், சில வீடுகளில் அடகுக்குப் போன வளையல். பெண் காலேஜில் சேர்ந்திருக்கிறாள், பையன் அக்கவுன்ட்ஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கப் போகிறான் என்று நம்பிப் போடுகிற பணம். அது ஒரு ஸ்டிக்கருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

ஐ7 என்பது 2008-ல் இன்டெல் வைத்த ஒரு பெயர். பெயர் ஒன்றுதான், தலைமுறைகள் ஏகப்பட்டது. 2011-ல் வந்த ஐ7 2600-க்கு நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த ஐ3 12100-க்கும் அதே நான்கு, அதே எட்டு. ஓட்டப்பந்தயம் விட்டால் அந்த ஐ3, இந்த ஐ7-ஐத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். பால் பாக்கெட் வாங்கும்போது தேதி பார்க்கிறோம். அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் ப்ராசஸருக்குத் தேதி கேட்பதில்லை!

நடப்பது இதுதான். ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய பழைய மெஷின்களிலிருந்து ப்ராசஸரைக் கழற்றுகிறார்கள். அதற்குத் தோதாகப் பழைய ரகத்து மதர்போர்டுகள் புதுசாகவே மார்க்கெட்டில் கிடைக்கின்றன. கண்ணாடிக் கதவு, கலர் கலராக லைட்டு வைத்த கேபினெட்டில் இரண்டையும் பூட்டி, 'ஐ7, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி' என்று விளம்பரம். விலையைப் பார்த்தால் யாருக்குமே கை துறுதுறுக்கும்.

செகண்ட் ஹேண்ட் விற்பது தப்பே இல்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், ஓரிரு விதிவிலக்கு நீங்கலாக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குமேல் இருந்தாக வேண்டும். இரண்டாம் தலைமுறை ஐ7-ல் அதைக் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். முறையான ஆதரவு கிடையாது. அந்த மெஷினில்தான் நெட் பேங்க்கிங் செய்யப் போகிறீர்கள்.

அடுத்த அநியாயம், 'எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோட ஃப்ரீ சார்!'

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக்கி எல்லா பாகத்துக்கும் பரிமாறுகிற பெட்டி அது. சமையலறைக்கே சிலிண்டர் மாதிரி. அதைப் போய் இலவச இணைப்பாக வாங்குகிறோம். மேலே '450 வாட்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே அந்த அளவுக்குச் சரக்கு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நம்ம ஊர் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது மட்டமான எஸ்எம்பிஎஸ் தனியாகப் போவதில்லை. உடன்கட்டையாக மதர்போர்டையும் டிஸ்க்கையும் இழுத்துக்கொண்டு போகலாம். போர்டை மறுபடி வாங்கலாம். டிஸ்க்கில் இருந்த மகளின் ப்ராஜெக்டையும் அப்பாவின் கடைசி போட்டோக்களையும் எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

80 ப்ளஸ் என்று ஒரு சான்றிதழ் 2004 முதல் இருக்கிறது. இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவிகிதத்தையாவது வீணாக்காமல் தர வேண்டும் என்பது அதன் ஆரம்ப நிலை. இது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால், ஒரு சோதனைக்குப் போய்த் தேறி வந்த சரக்கு என்பதற்கு அடையாளம். நாலைந்து வருஷ வாரண்டியும் சேர்ந்து இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

யுபிஎஸ்ஸையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 600 விஏ என்று போட்டிருந்தால் 600 வாட்ஸ் என்று அர்த்தமில்லை. சாதாரணமாக 360 வாட்ஸ்தான் தாங்கும். கரண்ட் போனபின் படம் பார்க்க அல்ல, ஃபைலைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது தருகிற அவகாசம். தயவுசெய்து அதில் லேசர் பிரிண்டரைச் சொருகாதீர்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்காகவே சொல்லிவிடுகிறேன். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம். நூறு ரூபாய் மெஷின் ஒரு வருஷத்தில் 60, அடுத்த வருஷம் 36, மூன்றாம் வருஷம் 21 ரூபாய் 60 காசு. ஆனால் எல்லா பாகமும் ஒரே வேகத்தில் கிழடு தட்டுவதில்லை. ப்ராசஸர் மவுசு சீக்கிரம் போகும். நல்ல மானிட்டர், நல்ல எஸ்எம்பிஎஸ், நல்ல கீபோர்டு இவையெல்லாம் அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே வரும். நாமோ சீக்கிரம் தேய்வதில் பணத்தைக் கொட்டி, நீடித்து உழைப்பதில் பிசினாறித்தனம் பண்ணுகிறோம். எந்தக் கணக்குப்பிள்ளையும் இதை ஒப்ப மாட்டார்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உங்கள் கண் ப்ராசஸரையா பார்க்கிறது? மானிட்டரைத்தானே? ஐபிஎஸ் பேனல், ஃபுல் ஹெச்டி, உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டு. ஸ்டாண்டு கிடைக்காவிட்டால் பழைய தீபாவளி மலர்களை அடுக்குங்கள். கழுத்து உங்களை வாழ்த்தும்.

கேம், வீடியோ எடிட்டிங் இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். ஆனால் ஒன்று. சாதாரண டெஸ்க்டாப் இன்டெல் நம்பருக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு, படம் வரவில்லையே என்று பழைய கார்டு ஒன்றைத் தேடி வாங்காதீர்கள்.

போதாக்குறைக்கு ராம் விலை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் விலை தாறுமாறாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த மைக்ரான் கம்பெனி, அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில் கலர் லைட்டுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் தண்டம்.

கடைக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. அவர்கள் நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டுக் கொட்டேஷன் கொடுத்தால் நாம் என்ன செய்கிறோம்? 'பக்கத்துக் கடையில ஆயிரம் ரூபா கம்மியா சொல்றான்' என்று இறங்கிப் போகிறோம். அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? கெட்ட காசு நல்ல காசை விரட்டும் என்று பொருளாதாரத்தில் கிரஷாம் விதி உண்டு. கெட்ட கொட்டேஷனும் அப்படித்தான். விரட்டச் சொல்லி ஏவிவிடுவது நாம்.

'பில் வேண்டாம்னா ரேட் குறையும்' என்ற வசனத்துக்கும் இதே கதைதான். 18 சதவிகித ஜிஎஸ்டி மிச்சம் என்று சிரித்துக்கொண்டு வருவீர்கள். எட்டாவது மாதம் மதர்போர்டு போனால் சர்வீஸ் சென்டரில் பில் கேட்பார்கள். அப்போது அந்தச் சிரிப்பு எங்கே?

எனவே ஒரு துண்டுச் சீட்டு எடுங்கள். எழுதுங்கள்: ப்ராசஸரின் முழு நம்பர் என்ன, எந்த வருஷம்? புதுசா, பழசா? மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் எந்த மாடல், எத்தனை வருஷ வாரண்டி? விண்டோஸுக்கு லைசென்ஸ் உண்டா? ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பரோடு பில் தருவீர்களா?

பதில் சொல்ல அலுத்துக்கொள்கிற கடையிலிருந்து கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள். உட்கார வைத்து எழுதிக் கொடுக்கிற கடையில் ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும் கொடுங்கள். அது உங்கள் பணத்துக்கு நீங்களே கட்டுகிற இன்ஷூரன்ஸ்.